விலையைக் கேட்கும் முன் விளிம்பைப் பாருங்கள்

பழைய காசு என்று சொல்லி என் கடைக்குக் கொண்டுவருகிறவற்றில் பாதிக்கு மேல் காசே கிடையாது. ஒன்று டோக்கனாக இருக்கும், இல்லையென்றால் மெடலாக இருக்கும், அதுவும் இல்லையென்றால் யாரோ பித்தளையில் அடித்து விற்ற சாமி வில்லையாக இருக்கும். எனக்குத் தொழில் வாட்ச் ரிப்பேர், பாளையங்கோட்டையில் சின்னக் கடை. கண்ணில் லூப் என்ற சின்னப் பூதக்கண்ணாடியை மாட்டி உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதைக் காட்டினாலும் விவரம் தெரியும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஆளாளுக்கு நீட்ட, நானும் பார்க்க, அப்புறம் அதைப் பற்றித் தேடிப் படிக்க, இப்போது வாட்சைவிட இதுதான் அதிக நேரத்தைத் தின்கிறது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு போகும்?" என்றுதான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். இது என்ன பொருள், யார் அடித்தது, யார் கைக்குப் போனது? இந்த மூன்றும் தெரியாமல் சொல்லும் விலை குருட்டாம்போக்கு விலை. பழசு என்பதால் மட்டும் எதற்கும் விலை ஏறிவிடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1808ஆம் வருடத்துப் பத்துக் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு அனுப்பிய அந்தக் காசுகளோடு அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பின்னாளில் லட்சக்கணக்கில் அள்ளி எடுத்தார்கள். வயது இருநூறுக்கு மேல், பின்னால் கப்பல் கதை வேறு. ஆனாலும் எங்கும் கிடைப்பதால் சாதாரண விலைதான்.

நாணயம் என்றால் அதை வெளியிட்ட அரசோ கம்பெனியோ இருக்கும், மதிப்பு இருக்கும், ஊரெல்லாம் செல்லும். டோக்கன் ஒரு மில்லோ தோட்டமோ கேன்டீனோ தன் காம்பவுண்டுக்குள் செல்லுபடியாக்கிக்கொண்டது. மெடல் செலவழிப்பதற்கே இல்லை, ஒரு நிகழ்ச்சிக்காகவோ சேவைக்காகவோ கொடுத்தது. கையில் வாங்கியதும் இதில் எது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றுதான் என் கடைக்கு அதிகம் வருகிறது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கும். மறுபக்கம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, யு.கே.எல்., ஒன் அணா, 1818 என்று இருக்கும். சிலதில் 1616, 1717 என்றுகூடப் போட்டிருப்பார்கள். கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், வீட்டில் கணக்கெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று.

கம்பெனி காசில் சாமியே கிடையாது என்று சிலர் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அது சரியில்லை. சென்னையில் கம்பெனி அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அணாக் கணக்கில் கம்பெனி அடித்த செம்புக்காசுகள் அரையணா, காலணா, அதற்கும் கீழே உள்ள சில்லறைதான். ஓரணா என்று தனிக் காசு புழக்கத்துக்கு வந்தது ஏழாம் எட்வர்ட் காலத்தில், 1907 வாக்கில். நிக்கல் கலந்த உலோகம், அலை அலையான விளிம்பு. ஆக 1818இல் செம்பில் ஓரணா என்று ஒன்று இருக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு, லூப் வைத்துப் பார்த்தால் எழுத்தோரங்கள் மழுங்கி, பள்ளங்களில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். அச்சில் அடித்த காசில் அப்படி வராது, வார்த்து எடுத்தால்தான் வரும்.

உண்மையான ராமடங்கா என்று ஒன்று உண்டு. கோயிலுக்குப் போகிறவர்கள் வாங்கிவந்து பூஜையில் வைத்துக்கொண்ட வில்லை. ஒரு பக்கம் ராமரும் சீதையும் அமர்ந்த சபை, மறுபக்கம் வில்லோடு ராமரும் லட்சுமணரும். பொன், வெள்ளி, பித்தளை மூன்றிலும் உண்டு. பழையதென்றால் அதற்குத் தனியாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதில் கம்பெனி பெயர் எதற்கு வருகிறது?

இந்த 1818 வில்லையை வைத்துத்தான் ரைஸ் புல்லிங் மோசடியும் நடக்கிறது. காசு அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானி கோடிக்கணக்கில் வாங்குவார், அதற்கு முன் டெஸ்டிங் கட்டணம் மட்டும் நீங்கள் கட்டுங்கள் என்பார்கள். எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. இரும்புத்தூள் தடவிய அரிசியைக் காந்தம் இழுக்கும், வித்தை அவ்வளவுதான். இதில் பணம் விட்டவர்கள் போலீஸுக்குப் போகவும் கூச்சப்படுகிறார்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன், வரி என்று கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு விட்டது. விற்கிறவன் முன்பணம் கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

சரி, நிஜமான பொருளுக்கு வருவோம். என் மேசையில் இருப்பது பத்து மடங்கு காட்டும் லூப், வெர்னியர் காலிப்பர், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம், ஒரு டம்ளர், கொஞ்சம் நூல். உரைகல் கிடையாது. உரசினால் கோடு விழும், விழுந்த கோடு போகாது.

டம்ளரும் நூலும் எதற்கென்றால் வெள்ளியா இல்லையா என்று பார்க்க. முதலில் மெடலைத் தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்வேன். அப்புறம் தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மெடலை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக விடுவேன். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 92.5 சதவீத வெள்ளி என்றால் 10.3 பக்கம் நிற்கும். ஜெர்மன் சில்வர், பித்தளை எல்லாம் எட்டரையை ஒட்டி நிற்கும். வெள்ளீயம் 7.3, அலுமினியம் 2.7. மெடலில் நூல் கட்டிய இடத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், லேசாகத் தட்டிவிட வேண்டும். பொருளுக்கு ஒரு கீறலும் விழாமல் இவ்வளவு தெரிந்துகொள்ள வேறு சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உலோகம் தெரிந்ததும் விளிம்பு. முதல் உலகப் போர் மெடல் என்றால் விளிம்புதான் எல்லாமே. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மஞ்சள் துணியில் முடிந்து ஒன்று கொண்டுவந்தார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத ஒரு வீரன், கூடவே 1914, 1918 என்ற வருடங்கள். பழைய இரும்புக்காரர் பித்தளை என்று சொல்லி 150 ரூபாய் கேட்டாராம். பேரீச்சம்பழம் கொடுக்காத குறை.

அது பிரிட்டிஷ் வார் மெடல். சிப்பாய்களுக்குக் கொடுத்தது வெள்ளியில் இருக்கும், குறுக்களவு 36 மில்லிமீட்டர். இந்த அம்மாவின் மெடலோ வெண்கலம். அவருக்கு முகம் வாடிவிட்டது. "வெள்ளி இல்லையா அண்ணாச்சி?" என்றார். விளக்கு வெளிச்சத்தில் விளிம்பைச் சுற்றிக் காட்டினேன். ஓர் எண், தமிழ்ப் பெயர் ஒன்று ஆங்கிலத்தில், கடைசியில் லேபர் கம்பெனி. போர்முனையில் கூலி வேலை செய்யத் தொழிலாளர் படையில் போனவர்களுக்குத்தான் வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளி மெடல் அறுபது லட்சத்துக்கு மேல் போனது, வெண்கலம் லட்சத்தை ஒட்டித்தான். அதனால் சேகரிப்பவர்கள் பல நேரம் வெண்கலத்தைத்தான் தேடுகிறார்கள். உலோக மதிப்பை மட்டும் பார்க்கிற கடையில் இது தலைகீழாகிவிடும்.

விளிம்பு எழுத்தில் ஏமாற்று வேலையும் உண்டு. பழைய பெயரை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, விலை போகிற படைப்பிரிவின் பெயரைப் புதிதாக அடித்துவைப்பார்கள். தேய்த்த இடத்தில் உலோகம் குறையுமே. காலிப்பரால் மேலிருந்து கீழாக ஓர் அளவு, இடமிருந்து வலமாக ஓர் அளவு எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த மெடலைக் கீழே வைத்துவிடலாம். லூப்பில் பார்த்தால் சரியான எழுத்து ஒரே ஆழத்தில் பதிந்திருக்கும், சுற்றியுள்ள உலோகத்தின் நிறமும் எழுத்துக்குள் இருக்கும் நிறமும் ஒன்றாக வயதாகியிருக்கும்.

பெயர் கிடைத்த பிறகு ஆளைத் தேட வேண்டும். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் படைப்பிரிவும் கிடைக்க வாய்ப்புண்டு. உயிரோடு திரும்பியவருக்கு ஊர்தான் சாட்சி. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் பலகை நம் கிராமங்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து மறைத்திருப்பார்கள். அந்த அம்மாவிடம் அதையும் பார்த்துவரச் சொல்லி அனுப்பினேன். கல்லைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். விற்கவில்லை. பேரனிடம் கொடுத்துவிட்டதாக அப்புறம் சொன்னார்.

முடிசூட்டு மெடல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1902, 1911, 1937 முடிசூட்டு, 1935 வெள்ளிவிழா, இதற்கெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாயோடு மெடலும் கொடுத்தார்கள். மலிவான உலோகம், ஏராளமாக இருக்கிறது. 1911 தில்லி தர்பார் மெடல் மட்டும் கொஞ்சம் வேறு. 38.5 மில்லிமீட்டர் வெள்ளி, ராஜா ராணி இருவர் தலையும் சேர்ந்திருக்கும், பின்பக்கம் முழுக்கப் பாரசீக எழுத்து. அதே ராஜா ராணி படம் போட்டுக் கடைக்காரர்கள் விற்ற நினைவு வில்லைகளும் அந்த வருடம் நிறைய வந்தன. பின்பக்கத்தைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஸ்ரீரங்கப்பட்டணம் மெடலுக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1799 மே 4இல் திப்புவின் கோட்டை விழுந்தபோது சென்னைப் படையின் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தார்கள். அதற்காகக் கம்பெனி மெடல் அடித்தது. ஒரு பக்கம் சிங்கம் புலியை அமுக்கி நிற்கும், அதற்குமேல் கொடியில் அரபு எழுத்து. மறுபக்கம் கோட்டை மீது படை ஏறும் காட்சி. பதவிக்குத் தக்கபடி பொன், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். இங்கிலாந்தில் சோஹோ ஆலையில் அடித்தது 48 மில்லிமீட்டர், கல்கத்தா நாணயச்சாலையில் அடித்தது 45. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் விலையையே மாற்றிவிடும். அதனால்தான் காலிப்பர் இல்லாமல் இதைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

எனக்கு இதில் வந்தது ஒரு வார்ப்பு நகல். புலியின் வரிகள் கரைந்து, அரபு எழுத்து புழு நெளிந்த மாதிரி இருந்தது. குறுக்களவும் 47ஐத் தொடவில்லை. அசலை அச்சாக வைத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும், நகல் எப்போதும் கொஞ்சம் சின்னதாகவே வரும். சோஹோவுக்குச் சின்னது, கல்கத்தாவுக்குப் பெரியது, இரண்டுங்கெட்டான் அளவு. வைத்திருந்தவர் பேரம் பேசும் எண்ணத்தில் வந்திருந்தார். "என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீய" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானவை டோக்கன்கள்தான். ராஜா தலை இருக்காது, அழகும் இருக்காது. கொழும்பில் காபி பதப்படுத்திய வேகந்த மில்லுக்காக ஜார்ஜ் ஸ்டுவர்ட் கம்பெனி வெளியிட்ட டோக்கனில் 19 சதம் என்று ஒரு விசித்திரமான தொகை இருக்கிறது. யாராவது 19 சதத்துக்குக் காசு அடிப்பார்களா? கணக்குப் போட்டால் புரியும். இலங்கையில் 1872இல் ரூபாய், சதம் கணக்குக்கு மாறினார்கள். ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். பழைய நாலரைப் பென்ஸைச் சதமாக மாற்றினால் 18.75, முழுதாக்கினால் 19. பழைய கூலியைப் புதுக் கணக்கில் அப்படியே வைத்துக்கொண்டார்கள். டோக்கனில் ஒட்டாத எண் ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள், காலமும் இடமும் அதிலிருந்தே வந்துவிடும்.

இலங்கைத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கூட்டிப்போனபோது கொடுத்த டின் டிக்கெட் இன்னொரு ரகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. தோட்டத்துக்குரிய எழுத்தும் எண்ணும் அடித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்புவார்கள். தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை, அப்புறம் மண்டபம் முகாம் என்று வழிநெடுக அதைக் காட்டினால் போதும், பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், அங்கிருந்து தொழிலாளியின் கடனில் ஏறும். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி திரும்பிவந்த குடும்பம் ஒன்று ஒரு வில்லையைக் காட்டியது. எழுத்து ஒரு மட்டத்தில் இல்லை, எண்கள் ஒன்று மேலே ஒன்று கீழே. ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டிப் பதித்தது. ஓர் எண்ணில் இரண்டு முறை அடி விழுந்து நிழல் மாதிரி தெரிந்தது. துளையின் மேல்பக்கம் கயிறு அறுத்து நீள்வட்டமாகியிருந்தது. போலி செய்கிறவன் துளை போடுவான், அந்தத் தேய்மானத்தைப் போடமாட்டான்.

உலோகமாகப் பார்த்தால் அதற்கு விலையே இல்லை. வீட்டுப் பெரியவர் சொன்ன தோட்டத்தின் பெயர், எந்தப் பாட்டியின் கழுத்தில் இருந்தது, எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி வில்லையோடு வைக்கச் சொன்னேன். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது எண் போட்ட தகரம்.

விலை எப்படிச் சொல்கிறேன்? வெள்ளி, பொன் என்றால் உலோக மதிப்பு அடித்தளம், அதற்குக் கீழே யாரும் கொடுக்கக்கூடாது. அதற்குமேல், ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த ஏல விலைகளைப் பார்ப்பேன். டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ் போன்றவர்களின் பழைய ஏலப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. விற்பனைத் தளங்களில் ஒருவர் ஐந்து லட்சம் என்று போட்டு வைத்திருப்பது விலை இல்லை, அவருடைய ஆசை. முடிந்த ஏல விலையிலும் கமிஷன், வரி கழித்தால்தான் கைக்கு வருவது தெரியும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் வியாபாரி அதில் பாதி சொன்னால் அநியாயம் என்று சண்டைக்குப் போகவேண்டாம், வாங்கியதை அவரும் விற்றாக வேண்டும். ரிப்பன், டப்பா, கூட வந்த கடிதம், சீருடையில் எடுத்த போட்டோ இருந்தால் விலை ஏறும். சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் இறங்கும்.

அதைவிட வேகமாக விலையை இறக்குவது புளி. என்னிடம் கொண்டுவருவதற்கு முதல்நாள் ராத்திரி புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வருவார்கள், மரியாதைக்காக. நூறு வருடத்தில் படிந்த நிறம் பத்து நிமிடத்தில் போய்விடும், எழுத்தின் கூர்மையும் கூடவே போகும். அழுக்கோடு கொண்டுவாருங்கள், நான் முகம் சுளிக்கமாட்டேன். பச்சைப் பொடி பூத்திருந்தால் மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறையில் போடவேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுப்பு ஒட்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான பொருள் தொல்பொருள் கணக்கில் வருகிறது, அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. முதல் உலகப் போர் மெடல்கள் பெரும்பாலும் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. லண்டனில் நல்ல விலை என்று யாராவது கூரியரில் போடச் சொன்னால் யோசியுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் அது 1878 புதையல் சட்டம், கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அப்படிக் கிடைத்ததை நான் தொடுவதில்லை.

போன மாதம் ஒருவர் வெள்ளி வார் மெடல் ஒன்று கொண்டுவந்தார். விளிம்பில் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் பெயர், எழுத்து அப்படியே பளிச்சென்று இருந்தது. இதோடு வெண்கலத்தில் விக்டரி மெடலும் கொடுத்திருப்பார்களே, சிறகு விரித்த ஒரு பெண் உருவம் இருக்குமே என்று கேட்டேன். இருக்கிறதாம், பாகப்பிரிவினையில் தம்பிக்குப் போய்விட்டதாம். வெள்ளியை அண்ணன் எடுத்துக்கொண்டு வெண்கலத்தைத் தம்பிக்குத் தள்ளியிருக்கிறார். ஒரே பெயர், ஒரே எண் போட்ட இரண்டும் சேர்ந்தால் வருகிற விலை, தனித்தனியாக விற்றுக் கூட்டினால் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியா எவ்வளவு வரும், அதைச் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு என்பதையும் மறுபடி சொன்னேன்.

"அவன்கிட்டப் போய் நான் கேக்கமாட்டேன் அண்ணாச்சி" என்று மெடலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பி என் கடைக்கு எப்போதாவது வாட்சுக்கு பேட்டரி மாற்ற வருவார். அடுத்த தடவை வந்தால் அவரிடமும் சொல்லிப் பார்க்க வேண்டும்.